வி. வி. இஞ்ஞாசியின் துப்பாக்கி

சலோமியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அவள் மேல் அல்ல. அவள் மேல் கோபப்பட யாருக்கும் காரணம் இருந்ததில்லை. இரண்டு எழுத்தின் மேல் கோபம். அந்த இரண்டு எழுத்தை ஒரு மனிதர் தப்பாகப் படித்துத் தொலைத்ததால் ஒரு பொம்பளை ஆறு மாதம் நெரவிக்கும் காரைக்காலுக்குமாகச் செருப்பில்லாத காலோடு நடந்தாள். கூடவே நானும் நடந்தேன். எனக்குச் செருப்பு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நெரவிக்கு மேற்கே வாய்க்கால் கரையில் தனியாக நிற்கும் கூரை வீடு சலோமியுடையது. புருஷன் இஞ்ஞாசி தென்னந்தோப்புக் காவலாளி. 1946-இல் விஷக் காய்ச்சல் கண்டு நாலே நாளில் போய்விட்டான். பிள்ளை குட்டி கிடையாது. அவன் விட்டுப் போனவை ஒரு கறவை மாடும், தோப்பில் நரி விரட்ட வைத்திருந்த ஒரு நாட்டுத் துப்பாக்கியும். குழாயில் மருந்தைக் கொட்டி இடித்துக் கெட்டித்துச் சுடுகிற பழைய ரகம். மாட்டைப் பார்த்துக்கொள்கிற மாதிரியே அவள் துப்பாக்கியையும் பார்த்துக்கொண்டாள். வாரத்துக்கு ஒருமுறை தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பாள்.

நான் அமலராணி. நெரவியில் பெண்பிள்ளைகளுக்குப் பிரெஞ்சும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவள். சலோமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும், யாராவது கொடுத்த காகிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து என்னிடம் நீட்டுவாள். பழக்கம் அப்படி ஆரம்பித்ததுதான். என்னைவிட ஐந்து வயது சின்னவள்.

அந்த வாய்க்கால் கரையைப் பற்றியும் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. கரையோடு மேற்கே போனால் எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் சென்னை மாகாணம், இந்தப் பக்கம் பிரெஞ்சு. 1948-இல் அந்தப் பக்கத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார்கள். ஊரெல்லாம் குடியை விட்டுவிட்டது என்று பேர். குடிக்கிறவன் எவனும் விடவில்லை. இரண்டு மைல் நடந்து இந்தப் பக்கம் வந்து குடித்தான். எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சாராயக்கடை வந்தது. பொழுது சாய்கிற நேரத்தில்தான் அங்கே கூட்டம். அதே நேரத்துக்குத்தான் மேற்கு வெளியில் நடவு, களை, அறுப்பு என்று போன நெரவிப் பெண்கள் வேலை விட்டுத் திரும்ப வேண்டும். அந்தக் கரையை விட்டால் வேறு வழி இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் சேறு.

அந்த வருஷமே ஒருநாள் இரண்டு பேர் பெண்களை வழிமறித்தார்கள். பேச்சோடு நிற்கவில்லை. கூச்சல் கேட்டு சலோமி துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடி, வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தாள். இரண்டு பேரும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டியது மேற்கு வெளியில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. மறுநாளிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சூரியன் பனைமரத் தலைக்கு இறங்கியதும் சலோமி ரவை போடாமல் மருந்து மட்டும் கெட்டித்து ஒரு வெடி போடுவாள். வயலில் இருக்கிற பெண்கள் அதைக் கேட்டு வேலையை முடித்துக்கொண்டு ஒன்றாகச் சேர்ந்து புறப்படுவார்கள். சாராயக்கடையில் இருப்பவர்களுக்கும் அது கேட்கும். கடைசிப் பெண் வீட்டைத் தாண்டிப் போகிற வரைக்கும் அவள் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பாள். மருந்துக்கு என்று அறுப்புக் காலத்தில் ஆளுக்கு ஒரு படி நெல் கொடுத்தார்கள்.

வெடிச்சத்தம் கேட்கிறது என்று யாரோ எழுதிப் போட, ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் இரண்டு சிப்பாய்களோடு விசாரிக்க வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் துப்பாக்கியைப் பிடுங்காமல், ஆபீசுக்கு வா, பெர்மி எழுதித் தருகிறேன் என்றார். துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கொடுக்கிற அனுமதிக் காகிதத்துக்கு எங்கள் ஊரில் பெர்மி என்று பேர். 1949-இல் அது அவள் பெயருக்குக் கிடைத்தது. அவள் பெயருக்கு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிரெஞ்சுக்காரன் விதவையை 'வெவ்' என்பான். அதை முழுசாக எழுத அவனுக்குச் சோம்பல். பெரிய V ஒன்று போட்டு, அதன் தோளில் சின்னதாக v, e என்று இரண்டு எழுத்தை ஏற்றிவிட்டுப் புருஷன் பெயரை எழுதிவிடுவான். அந்த அதிகாரி அப்படித்தான் எழுதியிருந்தார். 'வெவ் இஞ்ஞாசி, நெரவி.' இஞ்ஞாசியின் விதவை என்று அர்த்தம். சலோமி என்ற பெயர் அந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லை. எனக்கு அது அன்றைக்கு உறுத்தவே இல்லை. எங்கள் காகிதங்கள் எல்லாமே அப்படித்தான் இருந்தன.

1954 நவம்பரில் பிரெஞ்சுக்கொடி இறங்கியது. அடுத்த தை மாதம் தண்டோரா போட்டார்கள். பழைய சர்க்காரிடம் பெர்மி வாங்கித் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, புதுச் சட்டப்படி பதிந்து லைசென்ஸ் வாங்கிக்கொண்டு திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்தில் கிடைத்துவிடும் என்றார்கள். ஊரில் நாலு பெரிய வீட்டில் துப்பாக்கி இருந்தது. அவர்கள் யாரும் அவசரப்படவில்லை. சலோமி மறுநாள் காலையிலேயே எண்ணெய் போட்டுத் துடைத்துக் கோணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். சட்டத்துக்குப் பயப்படுகிறவள்தான் முதலில் மாட்டுகிறாள், அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

ரசீது வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். இங்கிலீஷில் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'ஸ்ரீ வி. வி. இஞ்ஞாசி அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டது.'

"யாருடி இது வி. வி. இஞ்ஞாசி?" என்றேன்.

"என் வூட்டுக்காரர் பேரு வெறும் இஞ்ஞாசிதாங்க டீச்சரம்மா. முன்னாடி ஒண்ணும் கெடையாது," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நாளைக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் திருத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். அன்றைக்குச் சிரித்ததை இப்போது நினைத்தாலும் என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

காரைக்கால் ஆபீசில் லைசென்ஸ் மேசையில் தெட்சிணாமூர்த்தி என்று ஒரு குமாஸ்தா. கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எங்களை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கெட்டவராக இருந்திருந்தால் கத்திவிட்டாவது வந்திருக்கலாம்.

"இது வி. வி. இல்லீங்க. வெவ். விதவைன்னு அர்த்தம். இவங்க இஞ்ஞாசியோட விதவை. இவங்கதான் துப்பாக்கிக்காரங்க," என்றேன்.

அவர் பெர்மியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இனிஷியல் ரெண்டு தெளிவா இருக்கேம்மா. வி, வி."

"பக்கத்துல ஒரு e இருக்கு பாருங்க."

"அது பேனா இழுத்தது."

வீட்டுக்கு வந்து என் பிரெஞ்சு அகராதியைத் தூக்கிக்கொண்டு மறுநாள் போனேன். அந்தச் சொல்லை எடுத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்தார்.

"இதுல அஞ்சு எழுத்து இருக்கு. பெர்மியில ரெண்டு எழுத்துதான் இருக்கு. நீங்களே பாருங்கம்மா," என்றார்.

"சரி, எழுதின அதிகாரியைக் கேளுங்க."

"அவர் கப்பலேறிப் போயிட்டார்."

"பழைய ரிஜிஸ்தரைப் பாருங்க."

"அதெல்லாம் பாண்டிச்சேரிக்குப் போயிடுச்சு. எழுதிப் போட்டிருக்கேன். வரட்டும்."

"பிரெஞ்சு தெரிஞ்சவங்க ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேளுங்க."

"மொழிபெயர்ப்பாளர் இன்னும் நியமனம் ஆகலை."

"நான் பதினெட்டு வருஷமா பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவ."

"அதுல சந்தேகம் இல்லம்மா. ஆனா நீங்க மனுதாரர் பக்கம் வந்திருக்கீங்க," என்றார்.

மேரியில், அதாவது எங்கள் கொம்யூன் ஆபீசில், இஞ்ஞாசியின் சாவுப் பதிவு இருந்தது. நகல் எடுத்துக்கொண்டு போனோம். அதைப் பார்த்தால் விளங்கிவிடும் என்று நம்பினேன். அவர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"உங்க வீட்டுக்காரர் நாப்பத்தாறுல இறந்துட்டார். பெர்மி கொடுத்தது நாப்பத்தொம்போதுல. இறந்தவருக்கு யாரும் பெர்மி கொடுக்க மாட்டாங்க. அப்ப இது வேற இஞ்ஞாசி. உங்க வீட்டுக்காரருக்கு இனிஷியலும் கெடையாதுங்கிறீங்க. நான் சொன்னது சரியாப் போச்சு பாருங்க," என்றார்.

அதில் ஒரு ஓட்டை கண்டுபிடியுங்கள் பார்க்கலாம். சலோமிதான் வாயைத் திறந்தாள்.

"அய்யா, ஒம்பது வருசமா ஊரே என்னை அறுதலிங்குது. கல்யாண வூட்டுக்குப் போறவுக நான் எதுக்க வந்தா திரும்பிப் போறாக. அத்தனை எடத்துலயும் நான் அறுதலிதான். இந்த மேசைக்கிட்ட வந்தா மட்டும் நான் அறுதலி இல்லேங்குறீங்களே," என்றாள்.

குமாஸ்தாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "புரியுதும்மா. ஆனா துப்பாக்கி வி. வி. இஞ்ஞாசி பேர்ல இருக்கு. அவர் நேர்ல வந்தா அன்னிக்கே முடிஞ்சிடும்," என்றார்.

இப்படியே தை போனது, மாசி போனது. அறுப்பு நேரத்தில் நல்லவேளையாக வெளியூர் ஆட்களும் கூட்டமாக இருந்ததால் பெண்கள் அவர்களோடு சேர்ந்து வந்துவிட்டார்கள். பங்குனியில் பயறு எடுப்பு. அதற்குப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் மட்டும்தான் போவார்கள். சலோமி வழக்கம்போலக் கரைக்கு வந்து நின்றாள். கையில் ஒரு மூங்கில் கழி. வெடி இல்லாததால் பெண்களுக்கு ஒன்றாகச் சேரும் நேரம் தெரியவில்லை, முன்னும் பின்னுமாக வந்தார்கள். துப்பாக்கி ஸ்டேஷனில் கிடக்கிறது என்கிற செய்தி அதற்குள் சாராயக்கடை வரைக்கும் போயிருந்தது.

ஒருநாள் கடைசியாகத் தனியே வந்தவள் சௌந்தரவல்லி. பதினெட்டு வயசு. படுத்த படுக்கையாய்க் கிடந்த தாய்க்கு அவள் கூலிதான் கஞ்சி. மூன்று பேர் அவளைக் கரையிலிருந்து கீழே இழுத்தார்கள். சலோமி கழியோடு இறங்கினாள். ஒருவன் கழியைப் பிடுங்கி அவள் கையிலேயே அடித்தான். முன்னால் போன பெண்கள் கத்திக்கொண்டு திரும்பி ஓடி வந்த பிறகுதான் விட்டுவிட்டுப் போனார்கள். அதுவும் ஓடவில்லை. சிரித்துக்கொண்டு நடந்து போனார்கள். சலோமிக்கு மணிக்கட்டு முறிந்தது. சௌந்தரவல்லிக்கு ரவிக்கை கிழிந்து, கன்னமெல்லாம் முள் கீறியிருந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை என்று எல்லாரும் எல்லாரிடமும் சொன்னார்கள். நடந்ததே போதாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளிலிருந்து சௌந்தரவல்லி வேலைக்கு வரவில்லை. அவளுடைய தாய்மாமன் வாசலில் நின்றுகொண்டு, "அங்க என்ன காவலு இருக்குன்னு இவளை அனுப்புறது? ஒரு கெழவி கம்போட நிக்கிறா," என்றான். கிழவி என்று அவன் சொன்ன சலோமிக்கு அப்போது நாற்பது வயசு. அனுப்ப மாட்டேன் என்றவன் அந்த வீட்டுக்கு ஒரு படி அரிசி கொடுத்தானா என்றால், அதுவும் இல்லை. தாயும் மகளும் பாதி நாள் பட்டினி கிடந்தார்கள். மற்றப் பெண்களிலும் மூன்று பேர் நின்றுவிட்டார்கள்.

புகார் கொடுக்கப் போனோம். ஸ்டேஷனில் ஏட்டு ஒரு பட்டியலை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அந்தக் கரையில துப்பாக்கி வச்சிருக்கிற வி. வி. இஞ்ஞாசின்னு ஒருத்தர் இருக்காரே. இவ்வளவு நடந்திருக்கு, அவரு என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு?"

துப்பாக்கி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த அறையில் இருந்தது. வி. வி. இஞ்ஞாசியின் விதவை முறிந்த கையைத் தூளியில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நின்றாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. சலோமி என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தது மட்டும் நினைவிருக்கிறது. விசாரிக்கிறோம் என்றார்கள். விசாரித்தார்கள். என்ன விசாரித்தார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நேரே குமாஸ்தாவிடம் போனேன். சௌந்தரவல்லிக்கு நடந்ததைச் சொன்னேன். அவருக்கும் பெண்பிள்ளைகள் இருக்கும் போலும். பேனாவை மூடி வைத்தார். பிறகு தணிந்த குரலில் வழி சொன்னார்.

"அம்மா, லைசென்ஸ்காரர் உடம்பு முடியாம இருந்தா நேர்ல வரணும்னு அவசியம் இல்லை. கையெழுத்துப் போட்டு ஒரு கடுதாசி கொடுத்தாப் போதும். அவருக்குப் பதிலா துப்பாக்கியைத் தூக்கறதுக்கு வேலையாள் ஒருத்தர் பேரையும் லைசென்ஸ்லயே சேர்த்துக்கலாம். சட்டத்துல எடம் இருக்கு. இந்தம்மா பேரைச் சேர்த்துடலாம்."

"யாரு கையெழுத்துப் போடறது? இல்லாத மனுஷன் எப்படிங்க போடுவான்?"

"வி. வி. இஞ்ஞாசி போடணும்," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று ஞாயிறு தவறாமல் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அன்று மாலை என் வீட்டில் உட்கார்ந்து, 'அடியேன் வாதத்தால் படுத்திருப்பதால்' என்று தொடங்கி ஒரு கடிதம் எழுதி, கீழே வி. வி. இஞ்ஞாசி என்று கையெழுத்துப் போட்டேன். முதல் தடவை பெண்பிள்ளைக் கையெழுத்தாக வந்தது. கிழித்துப் போட்டு இரண்டாம் தடவை கொஞ்சம் கோணலாகப் போட்டேன். சலோமி பக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அந்த மனுசனுக்குக் கையெழுத்தே போடத் தெரியாதுங்களே," என்றாள்.

"இது அந்த மனுசன் இல்லடி. இது வேற மனுசன்," என்றேன். எனக்கே அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

மனுவில் ஒரு கேள்வி இருந்தது. எந்த விலங்கிடமிருந்து பாதுகாப்புக்காகத் துப்பாக்கி தேவை? குமாஸ்தா படித்துக் காட்டியதும் சலோமி யோசிக்கவே இல்லை.

"குடிச்சிட்டு வர்ற ஆம்பளைங்ககிட்டேருந்துங்க," என்றாள்.

அவர், "நரின்னு எழுதிக்கிறேம்மா," என்று எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் மூன்று மாதம் ஆனது. ஆடி மாதம் லைசென்ஸ் வந்தது. வி. வி. இஞ்ஞாசி, பயிர்த்தொழில், நெரவி. துப்பாக்கியைத் தூக்க அனுமதி பெற்ற வேலையாள்: சலோமி. தன் புருஷன் வைத்துவிட்டுப் போன துப்பாக்கிக்கு அவள் வேலைக்காரி ஆகிவிட்டாள். ஸ்டேஷனில் கைநாட்டு வைத்து வாங்கினாள். ஆறு மாதத்தில் குழாயெல்லாம் துரு. துரு போக மூன்று நாள் தேய்த்தாள். நாலாம் நாள் பொழுது சாய, ஆறு மாதத்துக்குப் பிறகு கரையில் வெடிச்சத்தம் கேட்டது. நான் பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்டேன்.

குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்து நடவுக்குப் போன பெண்கள் பன்னிரண்டு பேர் என்று சலோமி சொன்னாள். நின்றுபோன மூன்று பேரும் வந்துவிட்டார்கள். சௌந்தரவல்லியும் வந்துவிட்டாள், தாய்மாமனே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனானாம். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஒருவழியாக ஊருக்கு சலோமியின் அருமை தெரிந்தது என்று நினைத்துக்கொண்டேன். நான் ஒரு பைத்தியக்காரி.

எல்லைப் பக்கத்தில் பீடி, வெற்றிலைப் பாக்கு விற்கிற பெட்டிக்கடைக்காரர் நூகு என்று ஒருவர். அவர் பேத்தி என்னிடம் படித்தாள். ஒருநாள் அவளைக் கூட்டிப்போக வந்தவரிடம், இப்போது கரையில் தொந்தரவு இல்லையே என்று கேட்டேன்.

"ஒருத்தனும் அந்தக் கரைப்பக்கம் தலைவச்சுப் படுக்கறதில்லம்மா. வி. வி. இஞ்ஞாசி வந்துட்டாருல்ல," என்றார்.

"யாரு வந்தது?"

"போலீசு சாராயக்கடையில வந்து விசாரிச்சாங்கம்மா, வி. வி. இஞ்ஞாசி எங்க இருக்காரு, எப்ப வருவாருன்னு. அப்பத்தான் சனங்களுக்கே தெரிஞ்சுது. சைகோன்ல பட்டாளத்துல இருந்தவராம். கால்ல குண்டு பட்டு வந்து சலோமியம்மா வூட்டுக்குள்ளயே இருக்காராம். வெளியில வர மாட்டாராம். ஆனா குறி வச்சா தப்பாதாம். அந்தம்மா அவருக்கு வேலைக்காரி. அவரு சொன்னாத்தான் வெடி போடுமாம்."

"நீங்க பார்த்தீங்களா அவரை?"

"நான் பாக்கலம்மா. ஆனா பார்த்தவங்க இருக்காங்க," என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆறு வருஷம் பொழுது சாய்கிற நேரமெல்லாம் அந்தக் கரையில் உட்கார்ந்தவள் ஒருத்தி. மழையில் நனைந்தவள், கை முறிந்தவள் ஒருத்தி. கிடைத்ததெல்லாம் கெழவி, அறுதலி என்கிற பட்டம். ஒரு குமாஸ்தா தப்பாகப் படித்துப் பெற்றுப் போட்ட ஒருவன், கையெழுத்தைக்கூட நான் போட்டுக்கொடுத்த ஒருவன், ஒரு நாள் கரையில் நிற்காதவன், அவனுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் மரியாதை. சௌந்தரவல்லியின் தாய்மாமனும் அவனை நம்பித்தான் அனுப்பியிருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அன்று மாலையே சலோமி வீட்டுக்குப் போனேன். அவள் மருந்து கெட்டித்துக்கொண்டிருந்தாள். நூகு சொன்னதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன்.

"நாளைக்குக் காலையில முதல் வேலையா ஆபீசுக்குப் போறோம். நான்தான் பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு எழுதிக் கொடுத்துடறேன். வேலை போனா போகட்டும். வி. வி. இஞ்ஞாசின்னு ஒருத்தன் இல்லை, இருக்கிறது நீதான்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத்தான் மறுவேலை," என்றேன்.

அவள் மருந்து இடிக்கும் கோலைக் குழாயிலிருந்து உருவித் துடைத்துவிட்டுத்தான் பேசினாள். அவளுக்கு எல்லாம் முன்னாலேயே தெரிந்திருந்தது.

"எனக்கும் வயித்தெரிச்சலாத்தான் இருக்கு டீச்சரம்மா. நேத்திக்கு சௌந்தரவல்லி மாமன் வந்து வாசல்ல நின்னு, அய்யா இருக்காங்களான்னு கேக்குறான். எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. உள்ள பாத்துக் கும்புட்டுட்டுப் போறான். உள்ள மாடு நிக்கிது," என்றாள்.

"அப்புறம் என்னடி? வா, போய்ச் சொல்லிடுவோம்."

"வேணாங்க. சொல்லிடாதீங்க." துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டாள். "என் புருசன் செத்தப்ப நான் ஒருத்திதான் அறுதலி ஆனேன். இந்த மனுசன் செத்தா பன்னெண்டு பொம்பளைங்களும் வூட்டுல கெடக்கணும். இருந்துட்டுப் போகட்டும்."

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். நான் அவள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். வெடி கேட்டது. கொஞ்ச நேரத்தில் பெண்கள் பேசிக்கொண்டு வருகிற சத்தமும் கேட்டது. அவர்களில் ஒருத்தியாவது சலோமியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வாளா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சௌந்தரவல்லி மட்டும் நின்று, "வர்றேன் அத்தே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

லைசென்ஸை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். இதுவரை நாலு தடவை வி. வி. இஞ்ஞாசியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போன தடவை தெட்சிணாமூர்த்தி, அவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். தேவலை என்று சொல்லிவிட்டு வந்தேன்.